முகத்துக்குக் கவசம் போட்டா பயந்தாங்கொள்ளியா? சாஃப்ட்பால் மைதானத்துல ஓயாத ஒரு பஞ்சாயத்து!

மொபைல்ல ரீல்ஸ் தள்ளிக்கிட்டே போறீங்க. திடீர்னு ஓர் அமெரிக்கப் பள்ளி மைதானம். குதிரைவால் கொண்டை போட்ட ஒரு பொண்ணு, கையை ராட்டினம் மாதிரி ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புப் பக்கத்துலேருந்து பந்தை வீசுறா. வேகம்னா வேகம், அப்படியொரு வேகம். ஆனா உங்க கண்ணு போனது பந்து மேல இல்ல, அவ முகத்து மேல. நெற்றியிலேருந்து தாடை வரைக்கும் கம்பிக் கூண்டு! ரெண்டு எட்டு தள்ளி நிற்கிற இன்னொரு பொண்ணோ வெறும் முகத்தோட நிற்கிறா.

'விளையாட்டோட பேரே சாஃப்ட்பால். இதுக்கு எதுக்குங்க ஜன்னல் கம்பி?'ன்னு உங்களுக்குத் தோணலாம். அமெரிக்காவுல கோச்கள், பெற்றோர்கள், ஆடுற பொண்ணுங்கன்னு எல்லாரும் பல வருஷமா மல்லுக்கட்டுற விஷயமே இதுதான். ஃபீல்டிங் பண்றவங்க முகக்கவசம் போடணுமா, வேண்டாமா? போட்டா அது புத்திசாலித்தனமா, பயமா?

பேர்ல மட்டும்தான் சாஃப்ட்

1887-ம் வருஷம், சிகாகோ. 'தேங்க்ஸ்கிவிங்' விடுமுறை நாள். அங்கே ஒரு படகு கிளப்புக்குள்ள கூடியிருந்த இளைஞர்கள், ஒரு பழைய பாக்ஸிங் கிளவுஸைத் தூக்கிப்போட்டு, குச்சியால அடிச்சு விளையாடினாங்க. அதைப் பார்த்த ஜார்ஜ் ஹான்காக், அந்த கிளவுஸைக் கயிறு போட்டு உருண்டையாக் கட்டி, ஓர் ஆட்டமாவே மாத்திட்டார். அந்த முதல் பந்து நிஜமாவே மெத்து மெத்துன்னுதான் இருந்திருக்கும்.

இன்னிக்கு இருக்கிற பந்து அப்படியில்லை. 12 அங்குலச் சுற்றளவு, 177 முதல் 198 கிராம் வரை எடை. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம்தான். அதாவது, நம்ம வீட்டுக் கண்ணாடிகளை உடைச்ச கிரிக்கெட் பந்தைவிட இது கனம் அதிகம், அளவும் பெரிசு. பேர் மட்டும் அப்படியே ஒட்டிக்கிச்சு.

ஒரு விநாடியில மூணுல ஒரு பங்கு

பேஸ்பால்ல பந்து வீசுறவருக்கும் அடிக்கிறவருக்கும் நடுவுல 60 அடி 6 அங்குலம். பெண்களின் சாஃப்ட்பால்ல, அமெரிக்க உயர்நிலைப் பள்ளி, கல்லூரி அளவுகள்ல அது 43 அடிதான், அதாவது 13.1 மீட்டர். அதுவும் வீசுறதுக்கு முன்னாடி அளந்த தூரம். பிட்ச்சர் முன்னாடி பாய்ஞ்சு வீசி முடிக்கும்போது அவ கிட்டத்தட்ட 11.5 மீட்டருக்கு வந்துடுவா. கையைச் சுற்றின வேகத்துல உடம்பு இன்னும் நிலைக்கு வந்திருக்காது. கிளவுஸ் முகத்துக்கு முன்னாடி இருக்காது.

இப்போ அடிச்ச பந்து மணிக்கு 112 கிலோமீட்டர் வேகத்துல நேரா திரும்பி வருதுன்னு வைங்க. கணக்குப் போட்டா 0.37 விநாடியில முகத்துக்கு வந்துடும். கண்ணு பார்த்து, மூளை புரிஞ்சு, கை அசையத் தொடங்கவே சராசரி மனுஷனுக்கு 0.2 முதல் 0.25 விநாடி வேணும். மிச்சம் இருக்கிற துளி நேரத்துலதான் கிளவுஸைத் தூக்கணும்!

மட்டைகளும் மாறிப்போச்சு. மரம் போய் அலுமினியம் வந்து, அப்புறம் காம்போஸிட் வந்தது. பந்து எகிறுற வேகம் எல்லை மீறிடக் கூடாதுன்னு, அமெரிக்க சாஃப்ட்பால் அமைப்பு 2004-ல கொண்டுவந்த மட்டைத் தரத்துல மணிக்கு 98 மைல்னு ஓர் உச்சவரம்பு வெச்சிருக்கு. அதாவது 158 கிலோமீட்டர். அந்த வேகத்துல வந்தா அதே 11.5 மீட்டரைக் கடக்க 0.26 விநாடி போதும். அங்கே திறமை, அனுபவம் எதுக்கும் பெரிசா வேலையில்லை.

முதல் பேஸ், மூணாவது பேஸ்ல நிற்கிறவங்களுக்கும் இதே கதைதான். எதிரணி பந்தை லேசாத் தட்டிவிட்டு ஓடப்போகுதுன்னு தோணினா, அவங்க பேஸை விட்டு நாலஞ்சு எட்டு முன்னாடி வந்து நிற்கணும். தட்டப்போறாங்கன்னு நம்பி நெருங்கும்போது, எதிர்ல இருக்கிறவ முழு வீச்சுல விளாசிட்டா?

கேட்ச்சருக்கு ஒரு நியாயம், பிட்ச்சருக்கு ஒரு நியாயமா?

பேட் பண்றவருக்குப் பின்னாடி உட்கார்ற கேட்ச்சருக்கு மாஸ்க் உண்டு. பேஸ்பால்ல அது வந்த கதையே சுவாரஸ்யம். 1877-ல ஹார்வர்டு மாணவர் ஃப்ரெட் தேயர், வாள் சண்டைக்காரங்க போடுற வலைக்கவசத்தைப் பார்த்துக் கேட்ச்சருக்கு ஒண்ணு செய்ய வெச்சார். ஆரம்பத்துல கிடைச்சது கேலிதான். இன்னிக்கு மாஸ்க் இல்லாம ஒரு கேட்ச்சர் உட்கார்ந்தா, ஆட்டத்தையே நிறுத்திடுவாங்க.

பேட் பண்றவங்களுக்கும், அமெரிக்க உயர்நிலைப் பள்ளி சாஃப்ட்பால்ல 2006 முதல் முகக்கம்பியோட ஹெல்மெட் கட்டாயம். ஆக, பிட்ச்சர் வீசுற பந்துக்கு எதிர்ல இருக்கிற ரெண்டு பேருக்கும் கவசம் உண்டு. அதைவிட வேகமாத் திரும்பக்கூடிய பந்துக்கு எதிர்ல நிற்கிறவங்களுக்கு மட்டும் 'உன் இஷ்டம்மா'. சில லீக்குகளும் கிளப்புகளும் சொந்தமா விதி போட்டிருக்கு. ஆனா நாடு முழுக்க ஒரே கட்டாயம்னு எதுவும் இல்லை. போட அனுமதி உண்டு, அவ்வளவுதான்.

'எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது!'

வேண்டாம்னு சொல்றவங்க என்ன சொல்றாங்க? முதல் வசனம் நமக்கும் பழக்கமானதுதான்: 'நாங்கல்லாம் போடாமத்தானே ஆடினோம்?' அடிபடாம தப்பிச்சவங்க சொல்ற வசனம் இது. அடிபட்டு ஆட்டத்தையே விட்டவங்க, கோச்சா திரும்பி வந்து இதைச் சொல்ல மாட்டாங்க இல்லையா?

ரெண்டாவது, 'மாஸ்க் இருந்தா அலட்சியம் வந்துடும். கிளவுஸால தடுக்காம முகத்தைக் காட்டுவாங்க.' இதை முழுசா ஒதுக்க முடியாது. பாதுகாப்பு இருக்குன்னு தெரிஞ்சா மனுஷன் கொஞ்சம் துணிவான்தான். ஆனா கிளவுஸ் பழக்கம் பயிற்சியில வர்றது. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் கோச். உடைஞ்ச மூக்கு அந்தப் பாடத்தை நடத்தணும்னு அவசியமில்லை.

மூணாவது, 'கம்பி கண்ணை மறைக்குது. காலடியில வர்ற பந்து தெரியலை.' நியாயமான புகார். பொருந்தாத மாஸ்க்ல இது நிஜம். சரியான அளவுல, கண்ணுக்கு நேரே அகலமா இடைவெளி விட்டதை வாங்கி, ரெண்டு மூணு வாரம் பயிற்சியில போட்டுப் பழகினா பெரும்பாலும் பிரச்னை தீர்ந்துடும்.

நாலாவதுதான் யாரும் சத்தமாச் சொல்லாதது. 'பயப்படுறான்னு நினைப்பாங்க.' கல்லூரி அணிக்கு ஆள் எடுக்க வர்ற கோச் என்ன நினைப்பாரோ? எதிரணிப் பொண்ணுங்க சிரிப்பாங்களோ? மூத்த பசங்க ஆடுற பேஸ்பால்ல பிட்ச்சர் வெறும் முகத்தோட நிற்கிறது வழக்கமா இருக்கும்போது, 'பொண்ணுங்கன்னா மட்டும் கூண்டா?'ங்கிற ரோஷமும் இதுல கலந்திருக்கு. ஆனா அந்தப் பையன் 60 அடியில நிற்கிறான், இந்தப் பொண்ணு 43 அடியில நிற்கிறா. இங்கே வித்தியாசம் தூரத்துலதான், தைரியத்துல இல்லை.

உலகத்தின் சிறந்த பிட்ச்சருக்கே...

'திறமை இருந்தா தடுத்துடலாம்'னு இன்னும் தோணினா, ஜப்பானின் யுகிகோ உஎனோவைப் பாருங்க. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல ரெண்டே நாள்ல 413 பந்து வீசி, அமெரிக்காவை வீழ்த்தித் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். அப்படிப்பட்டவருக்கே 2019-ல உள்நாட்டு லீக் ஆட்டம் ஒண்ணுல, அடிச்ச பந்து முகத்துல பட்டுத் தாடை எலும்பு முறிஞ்சது. அவர் மீண்டு வந்து, 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல 39 வயசுல மறுபடியும் தங்கம் வாங்கினார். அது அவரோட மன உறுதி. அந்த ஒரு பந்துக்கு முன்னாடி மட்டும் அனுபவம் எதுவும் உதவலை.

நமக்குத் தெரிஞ்ச சோகம் ஒண்ணும் இருக்கு. 1998-ல டாக்காவில் நடந்த கிளப் கிரிக்கெட் ஆட்டத்துல, பேட்ஸ்மேனுக்குப் பக்கத்துல ஹெல்மெட் இல்லாம ஃபீல்டிங் நின்ன இந்திய வீரர் ராமன் லம்பா, தலையில பந்து பட்டு இறந்துபோனார். ஓவர் முடிய மூணே பந்துதான் பாக்கின்னு ஹெல்மெட் வாங்கிக்காம நின்னார்னு அப்போ செய்திகள் வந்தன. 'பக்கத்துத் தெருவுக்குத்தானே போறேன், ஹெல்மெட் எதுக்கு?'ன்னு வண்டியை எடுக்கிற நமக்கு அந்த மனசு புரியாதா என்ன?

ஐஸ் ஹாக்கி சொல்லிக்கொடுத்த பாடம்

இந்தப் பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு இன்னொரு மைதானத்துல ஏற்கெனவே கிடைச்சிருக்கு. 1959 நவம்பர் 1, நியூயார்க். மான்ட்ரியல் அணியின் கோல் கீப்பர் ஜாக் பிளான்ட்டுக்கு முகத்துல அடிபட்டு ரத்தம் கொட்டுது. தையல் போட்டுக்கிட்டு வந்தவர், 'மாஸ்க் போட்டாத்தான் இறங்குவேன்'னு ஒத்தைக்கால்ல நின்னார். மாஸ்க் பிடிக்காத கோச், மாற்று ஆள் இல்லாததால வேற வழியில்லாம சம்மதிச்சார். அன்னிக்கு மான்ட்ரியல் 3-1-னு ஜெயிச்சது. பிற்பாடு மாஸ்க் இல்லாத கோல் கீப்பரே இல்லைன்னு ஆயிடுச்சு.

ஆனா மத்த வீரர்கள் ஹெல்மெட் போட ரொம்ப நாள் மறுத்தாங்க. அது ஏன்னு 1973-ல ஒரு கட்டுரை எழுதினார் தாமஸ் ஷெல்லிங். பின்னாள்ல பொருளாதார நோபல் வாங்கினவர். அவர் கவனிச்சது இதுதான்: தனியா ஒருத்தர் போட்டா கோழைன்னு பேர் வரும்னு கூச்சம். அதனால யாரும் போடலை. ஆனா எல்லாரும் போட்டே ஆகணும்னு விதி வந்தா, அதுல பலருக்கும் சந்தோஷம்தான்! 1979-ல புதுசா வர்ற வீரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம்னு விதி வந்தது. பழைய ஆட்கள் விருப்பப்படி ஆடலாம். ஹெல்மெட் இல்லாம ஆடின கடைசி வீரர் 1997-ல ஓய்வு பெற்றார். பதினெட்டு வருஷத்துல கூச்சமே காணாமப் போயிடுச்சு.

சாஃப்ட்பாலும் அந்த வழியிலதான் மெதுவாப் போகுது. சின்ன வயசுலேருந்தே மாஸ்க்கோட வளர்ந்த பொண்ணுங்க இப்போ கல்லூரி அணிகள்ல ஆடுறாங்க. அவங்களுக்கு அது ஷூ மாதிரி, கிளவுஸ் மாதிரி இன்னொரு சாமான், அவ்வளவுதான். ஆனா 'உன் இஷ்டம்'னு விட்டா, 12 வயசுப் பொண்ணு நிஜத்துல தன் இஷ்டப்படி முடிவெடுக்கிறதில்லை. பக்கத்துல நிற்கிற தோழி போட்டிருக்காளான்னு பார்த்துத்தான் முடிவெடுக்கிறா. ஒரு விதி அந்தப் பாரத்தை அவ தோள்லேருந்து இறக்கி வெச்சிடும். விதி இல்லாத இடத்துல, 'எங்கம்மா போடச் சொல்லிட்டாங்க'ங்கிற சாக்காவது அவளுக்குக் கிடைக்கணும்.

வாங்கப் போறீங்களா? கொஞ்சம் கவனிங்க

சாஃப்ட்பால் நம்ம ஊர்ப் பள்ளி, கல்லூரிகள்லயும் ஆடுற விளையாட்டுதான். உங்க வீட்டுல ஒரு பிட்ச்சரோ, முதல், மூணாவது பேஸ் ஆடுறவங்களோ இருந்தா இதெல்லாம் பாருங்க:

* தாடையில கச்சிதமா உட்காரணும். தலையை ஆட்டினா மாஸ்க் ஆடக் கூடாது.
* போட்டுக்கிட்டுக் குனிஞ்சு தன் காலடியைப் பார்க்கச் சொல்லுங்க. தெரியலைன்னா வேற அளவு.
* முடியைக் கட்டிக்கிட்டுப் போட்டுப் பார்க்கணும். ஆட்டத்தன்னிக்குத்தான் கொண்டை இடிக்கும்!
* பயிற்சியிலயும் போடணும். அங்கேயும் அதே பந்துதான் வருது.
* விரிசல் விட்டதையும் வளைஞ்சதையும் தூக்கிப் போட்டுடுங்க.

இன்னொண்ணு. மாஸ்க் காப்பாத்துறது மூக்கு, கன்னம், பல், தாடை, கண்ணைச் சுற்றின எலும்பு இதையெல்லாம்தான். தலையின் பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் அது மறைக்காது. அடி பலமா விழுந்தா, மாஸ்க் போட்டிருந்தாலும் ஆட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பார்க்கணும்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல சாஃப்ட்பால் திரும்ப வருது. ஆட்டங்கள் ஓக்லஹோமா சிட்டியில நடக்கும். டி.வி-யில பார்க்கும்போது பிட்ச்சரோட முகத்தைக் கவனிங்க. கம்பிக் கூண்டு இருந்தா, பக்கத்துல உட்கார்ந்து 'பொண்ணு பயப்படுறா போல'ன்னு சொல்றவங்ககிட்ட அந்த 0.37 விநாடிக் கணக்கைச் சொல்லுங்க.