துத்தித் துள்ளியும் நெல் துள்ளியும்: வேற்றுமை அறியும் வகை

காட்பாடியைச் சூழ்ந்த குன்றுச் சரிவுகள் வெப்பம் மிக்கன, மழை குறைந்தன. முற்காலத்தில் தோல் பதனிடுவோர் பட்டைக்காக நாடிய ஆவாரையும், துத்தி, காரை முதலிய செடிகளும் அங்கே புதராய் மண்டியுள்ளன. இப்புதர்களை அடுத்து ஏரிப் பாசனத்தாலும் கிணற்றுப் பாசனத்தாலும் நெல் விளையும் நிலங்கள் உள. புதரிலிருந்து வயல் வரப்புக்கு வரும் ஒரு சிறு பூச்சியை நெல்லுக்குப் பகையெனக் கருதி மருந்து தெளிப்பது வீண் செலவாகும், தீங்கும் பயக்கும். ஆதலின் அதனை இனங்கண்டறிதல் அவசியம்.

துள்ளிகள் வண்ணத்துப்பூச்சிகளில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. தடித்த உடலும், நுனி கொக்கிபோல் வளைந்த உணர்கொம்புகளும் உடையவை. இடம்விட்டு இடம் துள்ளுவதுபோல் விரைந்து பறத்தலால் இப்பெயர் பெற்றன.

துத்தித் துள்ளி என இங்குக் குறிக்கப்படுவது கொமேலியா எல்மா என்னும் ஜாதியாகும். 1862-ஆம் ஆண்டில் ரோலண்டு ட்ரைமன் இதனை விவரித்துப் பெயரிட்டார். ஆப்பிரிக்கா முதல் இந்தியா, இலங்கை வரையுள்ள வறண்ட பிரதேசங்களில் இது வாழ்கின்றது. சிறகு விரித்தால் அகலம் சுமார் 1 அங்குலமே. முன் சிறகு பசுமை கலந்த சாம்பல் பழுப்பு நிறத்தில், கருந்திட்டுகளுடன் பளிங்குக்கல்லைப் போல் தோன்றும். பின் சிறகின் நடுவே வெண்பட்டை ஒன்று உண்டு. வெயிலில் அமரும்போது சிறகுகளைத் தட்டையாக விரித்து வைத்திருக்கும். இதன் புழு துத்தி இலையை மடித்து, பட்டிழையால் ஒட்டி, அதனுள் தங்கி அவ்விலையையே உண்ணும், நெல்லைத் தீண்டாது.

இதே புதர்களில் ஸ்பியாலியா கல்பா என்னும் மற்றொரு சிறு துள்ளியும் காணப்படும். அது கரும்பழுப்பு நிறமுடையது. இரு சிறகுகளிலும் தெளிவான வெண்புள்ளிகள் பல சிதறியிருக்கும். அதுவும் நெல்லுக்குத் தீங்கற்றதே.

நெல் துள்ளியாகிய பெலோபிடாஸ் மாதியாஸ் என்பதனை 1798-இல் பாப்ரீஷியஸ் விவரித்தார். இது உருவில் பெரியது. அகலம் 1¼ முதல் 1½ அங்குலம் வரை இருக்கும். மங்கிய பழுப்பு நிறம். முன் சிறகில் சிறு கண்ணாடிப் புள்ளிகள் வளைவாக அமைந்திருக்கும். ஓய்வின்போது சிறகுகளை மேலே மூடி நிறுத்தும். வெயில் காயும்போது முன் சிறகுகளைப் பாதி உயர்த்திப் பின் சிறகுகளை மட்டும் விரிக்கும். இதன் பச்சைப் புழு நெல், கரும்பு, புல் ஆகியவற்றின் இலைகளைச் சுருட்டி உண்ணும்.

சிறகு விரித்த விதத்தை முதலிலும், புள்ளியின் அமைப்பை அடுத்தும், புழு தங்கிய செடியை இறுதியிலும் நோக்கின் ஐயம் நீங்கும். இம்மூன்றனுள் செடியே உறுதியான சான்று.

நெல் துள்ளியே எனத் தெரிந்தாலும், உடனே மருந்தை நாடவேண்டுவதில்லை. அதனால் பெருஞ்சேதம் விளைவது அரிது. சுருண்ட இலைகளைக் கிள்ளிப் புழுக்களை அழித்தலே சிறு வயலுக்குப் போதும். காரணமின்றி மருந்து தெளிப்பின், பகைப் பூச்சிகளைத் தின்னும் சிலந்திகளும் புழுக்களை அழிக்கும் குளவிகளும் மடியும். பின்னர் அவற்றால் அடங்கியிருந்த புகையான் பெருகிப் பயிரைக் காய்ச்சிவிடும். கையில் தெளிப்பானை எடுக்குமுன் வரப்பில் அமர்ந்த பூச்சியைச் சற்று நின்று நோக்குதல் குடியானவருக்கு இலாபமே.