வேண்டும் என்பதும் இனிக்கிறது என்பதும்

இஷாத் தொழுதுவிட்டு இரசாயனவியல் கடந்தகால வினாத்தாளைத் திறந்தேன். "ஐந்தே நிமிடம்" என்று கைத்தொலைபேசியை எடுத்தேன். கீழே வைத்தபோது மணி பத்தரை. அந்த நேரம் மகிழ்ச்சியாகவாவது கழிந்ததா என்றால், அதுவும் இல்லை. பின் ஏன் விரல் நிற்கவில்லை?

நமது மூளையில் டோபமைன் என்றொரு இரசாயனம் சுரக்கிறது. அதுவே இன்பத்தின் ஊற்று என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர் கென்ட் பெரிட்ஜ் 1980களின் இறுதியில் அதை எலிகளிடம் சோதித்தார். டோபமைன் ஏறக்குறைய முற்றாக அழிக்கப்பட்ட எலிகள், முன்னால் உணவு இருந்தும் உண்ணவில்லை. ஆனால் இனிப்பு நீரை வாயில் விட்டதும், ஏனைய எலிகளைப் போலவே நக்கிச் சுவைத்தன. அவற்றிடம் இன்பம் இருந்தது, நாட்டம்தான் இல்லை.

ஆகவே, "வேண்டும்" என்று தவிப்பதும் கிடைத்ததில் மகிழ்வதும் வெவ்வேறு. கைத்தொலைபேசி நாட்டத்தை மிகுதியாகத் தூண்டும். இன்பத்தைக் குறைவாகவே தரும். பாடமோ நேர்மாறு. தொடங்க மனம் வராது. ஒரு கணக்கு சரிவந்துவிட்டால் மனம் நிறையும். எனவே மனம் வந்த பின் படிப்போம் என்று காத்திருப்பதில் பயனில்லை, தொடங்கிவிட வேண்டும்.

நோன்பு நாட்களில் பசியை எவ்வாறு தாங்குகிறோம்? மஃரிப் பாங்கு எப்போது என்று நமக்குத் தெரியும். வீடே நம்மோடு நோன்பிருக்கிறது. உயர்தரப் பரீட்சையோ இரண்டு வருடத் தொலைவில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் எட்டக்கூடிய ஒரு முடிவை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்: இன்று இரண்டு வினாக்கள், விடை சரிபார்த்தல், அவ்வளவுதான்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. ரொசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வொன்றில், சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரை நம்பிய சிறுவர்கள் இன்னொரு இனிப்புக்காகச் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடங்கள் காத்திருந்தனர். முன்பு ஏமாற்றப்பட்டவர்களோ மூன்று நிமிடங்களே பொறுத்தனர். பொறுமை பிள்ளையின் குணம் மட்டுமல்ல; பெரியவர்களின் வாக்கிலும் அது வளர்கிறது.

இப்போது இஷாவுக்குப் பின் என் கைத்தொலைபேசி உம்மாவின் அறையில் இருக்கும். முதல் நாள் கை பலமுறை அதைத் தேடியது. ஆனாலும் இரண்டு வினாக்களையும் முடித்தேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.