வெளியே நின்றுகொண்டு "வெளியே வராதீர்கள்" என்பவர்கள்

முழங்கால் வரை பனியில் ஒருவர் நிற்கிறார். ஒரு கையில் மைக். மறு கையில் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அடிக்கோல். அதைப் பனிக்குள் செருகிக் காட்டி, போன தடவை ஏழு அங்குலம், இப்போது ஒன்பது என்கிறார். புருவமெல்லாம் வெள்ளை. பேசுவதில் பாதியைக் காற்று கொண்டுபோய்விடுகிறது. வெதுவெதுப்பான ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கும் இருவர் "ஜாக்கிரதையாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு வரைபடத்துக்குப் போய்விடுகிறார்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே ஆள், அதே அடிக்கோல்.

அமெரிக்காவின் வடகிழக்கிலோ மத்திய மேற்கிலோ பனிப்புயல் வரும் நாளில் எந்த ஊர்த் தொலைக்காட்சியைத் திறந்தாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இப்போது இவை இணையத்தில் நேரலையாகவே கிடைக்கின்றன. நமக்குத் தெரிந்த பெரிய குளிர் அலுவலக ஏர்கோன் குளிர்தான் என்றாலும், சில ஆண்டுகளாக நான் இவற்றை விடாமல் பார்த்துவருகிறேன். வானொலியில் வேலை செய்பவள் நான். ஆண்டு இறுதியில் கனமழை எச்சரிக்கையை வாசிப்பது என் வேலையில் ஒரு பகுதி. இந்தப் பழக்கம் தொடங்கியதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அங்கே "உள்ளூர் நிலையம்" என்பதற்கு நாம் நினைப்பதைவிடப் பெரிய பொருள். என்பிசி, சிபிஎஸ், ஏபிசி போன்றவை நாடு முழுவதற்குமான வலையமைப்புகள். ஆனால் ஒவ்வொரு நகரத்திலும் அவற்றோடு இணைந்த நிலையங்கள் தனித்தனியாக இயங்குகின்றன. தனிச் செய்தி அறை, தனி வானிலைக் குழு. ஒரே முகம் இருபது, முப்பது ஆண்டுகள் திரையில் இருக்கும். மழலைப் பள்ளியில் படிக்கும்போது பார்த்த வானிலை அறிவிப்பாளரையே தன் பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பவர்கள் உண்டு. தேசிய அலைவரிசை "வடகிழக்கில் கடும் பனி" என்று முடித்துக்கொள்ளும். எந்தச் சாலை மூடப்பட்டிருக்கிறது என்று சொல்லவேண்டியவர் இவர்தான்.

புயலுக்கு முதல் நாளே வேலை தொடங்கிவிடுகிறது. மாற்றுத் துணி, போர்வையோடு ஊழியர்கள் நிலையத்துக்கு வந்துவிடுகிறார்கள். சிலருக்குப் பக்கத்து ஹோட்டலில் அறை, சிலருக்குச் செய்தி அறையின் சோபா. மறுநாள் விடியும் முன்பே செய்தி தொடங்கிவிடும். வழக்கமான நிகழ்ச்சிகள் ஒதுக்கப்படும். கேமரா போகும் இடங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்: நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு பாலம், சாலையில் தூவுவதற்காக உப்பைக் குவித்துவைத்திருக்கும் கிடங்கு, விமான நிலையத்தின் ரத்துப் பலகை, பிறகு பேரங்காடியில் காலியான ரொட்டி, பால் அடுக்குகள். ரொட்டியும் பாலும் முட்டையும் மட்டும் இப்படித் தீர்ந்துபோகிறதே, புயலடித்தால் ஊரே பிரெஞ்சு டோஸ்ட் செய்யுமா என்பது அங்கே பழைய நகைச்சுவை. நம்மூரில் வெள்ளம் என்றால் மெகி மீ அடுக்கு காலியாவதைப் போலத்தான்.

திரையின் அடியில் மூடப்பட்ட பள்ளிகளின் பெயர்கள் அகர வரிசையில் ஓடிக்கொண்டிருக்கும். கண் அசரும் நேரத்தில் உங்கள் ஊரின் எழுத்து போய்விட்டால், பட்டியல் முழுவதும் சுற்றி வரும்வரை காத்திருக்கவேண்டும். கைத்தொலைபேசிக்கு முந்திய தலைமுறைப் பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய பதற்றம். 2004-ல் வட கரோலினாவில் ஒரு கேபிள் செய்தி அலைவரிசை, இந்தப் பட்டியலுக்கான தகவலை இணையத்தில் பதியும் வசதி செய்துகொடுத்தது. குறும்புக்காரர்கள் இல்லாத நிறுவனங்களின் பெயர்களையெல்லாம் பதிந்துவிட, அவையும் திரையில் ஓடின!

கேலி செய்வது எளிது. வெளியே வராதீர்கள் என்று சொல்லவே ஒருவரை வெளியே நிறுத்துகிறார்கள். அமெரிக்கர்களே இதைக் கேலி செய்கிறார்கள். 2022 டிசம்பரில் ஐயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் கேடபிள்யூடபிள்யூஎல் நிலையம், விளையாட்டுப் போட்டிகள் எல்லாம் ரத்தானதால், தன் விளையாட்டுச் செய்தியாளர் மார்க் வூட்லியை விடியற்காலையில் பனியில் நிறுத்தியது. மனிதர் ஒவ்வொரு நேரலையிலும் புலம்பினார். வழக்கமான வேலைக்கே என்னை அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். காலை நிகழ்ச்சி இவ்வளவு நீளமா என்று அலுத்துக்கொண்டார். அந்தக் காணொளியை உலகமே பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவர் கேலி செய்த அதே புயல்தான் அடுத்த நாள் பஃபலோ நகரத்தை அடித்தது.

இதில் வியாபாரமும் உண்டு, மறைப்பதற்கில்லை. விளம்பரக் கட்டணத்தை நிர்ணயிக்கப் பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் முக்கிய மாதங்களில் பிப்ரவரியும் ஒன்று. பனிக்காலத்தின் நடுவே அது வருகிறது. தி வெதர் சேனல் 2012 முதல் பனிப்புயல்களுக்குத் தானாகவே பெயர் வைத்துவருகிறது. அரசின் தேசிய வானிலைச் சேவை அந்தப் பெயர்களைப் பயன்படுத்துவதில்லை. பயத்தை விற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கே பல காலமாக இருக்கிறது. முழுக்கப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என்னை உறுத்தும் கேள்வி வேறு. இவ்வளவு சத்தம் போட்டும் ஏன் சில நேரம் யாருக்கும் கேட்பதில்லை?

ஒரு காலைப் பொழுது தாமதம்

பாஸ்டன் நகரத்தின் 1978 பனிப்புயலை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 6, திங்கட்கிழமை. கடும் பனி வரும் என்று வானிலையாளர்கள் சொல்லியிருந்தார்கள். காலையில் மக்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகப் பனி கொட்டி, வானிலையாளர்களின் பெயர் கெட்டிருந்தது. இவர்கள் பேச்சை யார் நம்புவது என்று எல்லாரும் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். காலை நகர்ந்த பிறகு பனி தொடங்கியது. பிறகு நிற்கவில்லை. 69 சென்டிமீட்டர். வீடு திரும்பக் கிளம்பியவர்களின் 3,000-க்கும் மேற்பட்ட வாகனங்கள் 128-ஆம் எண் நெடுஞ்சாலையில் புதைந்தன.

கணிப்பு தவறவில்லை. சில மணி நேரம் தாமதித்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்ததும் முக்கியம். கிழக்கு மாசசூசெட்ஸில் கிட்டத்தட்ட ஒரு வாரம் வாகனம் ஓட்டத் தடை. ஆளுநர் மைக்கேல் டுக்காக்கிஸ் கோட்டு, டை இல்லாமல் கம்பளிச் சுவெட்டரோடு தொலைக்காட்சியில் தோன்றி, இன்று இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள் என்று பேசினார். அதே ஆண்டு தன் கட்சியின் வேட்பாளர் தேர்தலில் அவர் தோற்றுப்போனார். ஆனால் ஊருக்கு அந்தச் சுவெட்டர் இன்னும் நினைவிருக்கிறது. டபிள்யூபிஇசட் நிலையத்தின் ஷெல்பி ஸ்காட்டும் அப்படித்தான். புயல் என்றால் கடற்கரையில் நிற்பவர் என்று பெயர் எடுத்த பெண் செய்தியாளர்.

இதற்கு நேர்மாறானது 2015 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்தது. 50 முதல் 75 சென்டிமீட்டர் வரை பனி விழலாம் என்று எச்சரிக்கை. எல்லா நிலையங்களும் இரவு பகலாக அதையே சொல்லின. பனிக்காகச் சுரங்க ரயில் சேவையை முதல்முறையாக முழுவதும் நிறுத்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 25 சென்டிமீட்டர். பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் தேசிய வானிலைச் சேவை அலுவலகத் தலைவராக இருந்த கேரி ஷட்கோவ்ஸ்கி டுவிட்டரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை. ஆனால் அடுத்த எச்சரிக்கையைக் கேட்கும்போது நியூயார்க்வாசியின் மனதில் எது நிற்கும் என்பதையும் யோசிக்கவேண்டியிருக்கிறது. புயலைக் கிழக்கே நகர்த்திய காற்றைப் பற்றிய விளக்கம் நிற்காது. வீணாக வாங்கிய ரொட்டிதான் நிற்கும்.

எல்லாம் சரியாகச் சொல்லியும்

பஃபலோவுக்கு வருவோம். ஈரி ஏரிக்கரையில் இருக்கும் ஊர். பனி அங்கே விருந்தாளி அல்ல, வீட்டு ஆள். 1985 ஜனவரியில் பனிப்புயல் வந்தபோது அப்போதைய மேயர் ஜிம்மி கிரிஃபின் மக்களுக்குச் சொன்ன யோசனை இன்றும் அந்த ஊரில் பழமொழி மாதிரி: வீட்டுக்குள் இருங்கள், ஆறு டின் பீர் எடுத்துக்கொள்ளுங்கள், நல்லதொரு ஃபுட்பால் ஆட்டத்தைப் பாருங்கள். குடிக்கச் சொன்னதற்காக இதை நான் பாராட்டவில்லை. வெளியே போகாதே என்பதோடு நிறுத்தாமல், உள்ளே என்ன செய்யலாம் என்றும் சொன்னாரே, அதற்காக.

2022 டிசம்பரில் வந்தது வேறு வகை. தலைமுறைக்கு ஒருமுறை வரும் புயல் என்று வானிலைச் சேவை சில நாள்களுக்கு முன்பே சொல்லிவிட்டது. ஊர்க்காரர்கள் 2, 4, 7 என்று எண்களாலேயே அழைக்கும் மூன்று நிலையங்களும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லின. கணிப்பில் குறை இல்லை. ஆனால் டிசம்பர் 23 வெள்ளிக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்திய கடைசி வேலை நாள். வாகனத் தடை அறிவிப்பு காலை ஒன்பது மணியளவில்தான் வந்தது. நடைமுறைக்கு வந்தது 9.30-க்கு. அதற்குள் பலர் வேலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். புயலும் வந்து சேர்ந்திருந்தது. தடை தாமதமானதை நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு ஒன்று மறு ஆண்டு சுட்டிக்காட்டியது.

தொடர்ந்து 37 மணி நேரம் கண் தெரியாத பனிப்புயல். மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. விமான நிலையத்தில் மொத்தம் 132 சென்டிமீட்டர் பனி. தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் சாலையில் சிக்கிக்கொண்டன. காரில், தெருவில், மின்சாரம் போன வீட்டில் என்று 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கேமராவை வெளியே நீட்டினால் வெள்ளைத் திரை. மின்சாரம் போன வீட்டில் தொலைக்காட்சியே இல்லை. யாருக்கு அந்தக் குரல் அதிகம் தேவையோ, அவரிடம் அது போய்ச் சேராத நேரம் அது.

அந்த இரண்டு நாள்களில் நடந்த ஒன்றை என்னால் மறக்கமுடியவில்லை. தெருவில் யாரோ கத்தும் சத்தம் கேட்டு ஒரு பெண் எட்டிப் பார்க்கிறார். முதியவர் ஒருவர், கைகள் உறைந்துபோய் நிற்கிறார். வீட்டுக்குள் தூக்கிவந்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் அவர்மேல் இருந்த பனிக்கட்டியை உருக்குகிறார்கள். அவசர எண்ணுக்கு அழைத்து அழைத்துப் பார்த்தும் யாராலும் வரமுடியவில்லை. கடைசியில் அந்தப் பெண் தன் கைத்தொலைபேசியில் ஃபேஸ்புக் நேரலையைத் தொடங்கி, இவர் இந்த நிலையில் இருக்கிறார், மருத்துவமனைக்குக் கொண்டுபோக யாராவது வாருங்கள் என்று அழுதுகொண்டே கேட்கிறார். முன்பின் தெரியாதவர்கள் பனியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அவர் பிழைத்தார்.

ஊடகம் படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயர் வைப்பார்கள். நானும் படித்தவள்தான். எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: எந்த இடம், என்ன நிலைமை, என்ன வேண்டும் என்று மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொன்னதில் வீணான சொல் ஒன்றும் இல்லை.

ஓர் அக்காவின் கேள்வி

இந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது என்று சொல்வதாகச் சொன்னேன். 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. முதல் நாளிலிருந்து சிலாங்கூரில் ஓயாத மழை. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்த அந்த நாளை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். நான் நிகழ்ச்சியில் இருந்தேன். கையில் வந்த எச்சரிக்கையைத் திருத்தமான தமிழில், நிறுத்தி நிதானமாக வாசித்தேன். மாநிலத்தின் பெயர், மாவட்டங்களின் பெயர்கள், "பொதுமக்கள் விழிப்புடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்."

பாட்டு ஓடும்போது ஓர் அக்கா அழைத்தார். "தங்கச்சி, மகன் வேன் எடுத்துக்கிட்டு ஷா ஆலம் பக்கம் வேலைக்குப் போயிருக்கான். திரும்பி வரச் சொல்லவா, அங்கேயே இருக்கச் சொல்லவா?"

எனக்குத் தெரியவில்லை. "அதிகாரிகள் சொல்றதைக் கவனிங்கக்கா" என்றேன். "அதத்தான்மா நீ வாசிச்ச, ஒண்ணும் புரியலையே" என்றார்.

மகன் அன்றிரவு தொழிற்சாலையின் மாடியில் படுத்திருந்து மறுநாள் வீடு வந்தார். வேன் போய்விட்டது. அடுத்த வாரம் அக்காவே அழைத்துச் சொன்னார். குறை எதுவும் சொல்லவில்லை. ஒரு பழைய பாட்டு கேட்டார், போட்டேன்.

அன்றிலிருந்துதான் அந்தப் பனி நாட்டுக்காரர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். எச்சரிக்கையை வாசித்து முடித்ததும் அவர்கள் நிறுத்துவதில்லை. இந்தப் பாலத்தில் ஏறாதே, மருந்து வேண்டுமென்றால் இருட்டுவதற்குள் வாங்கிவிடு, காரில் சிக்கினால் புகைக்குழாயை மூடிய பனியை விலக்கிவிடு என்று நூறு தடவை சொல்கிறார்கள். நூறாவது தடவையும் அப்போதுதான் தொலைக்காட்சியைத் திறந்த ஒருவருக்கு அது முதல் தடவை. அந்த அடிக்கோலும் அப்படித்தான். வீட்டில் இருப்பவர் ஜன்னல் வழியாகப் பார்த்து முடிவெடுக்க முடியாததை அது அளந்து சொல்கிறது.

போன பருவமழையின்போது ஒரு மாலை, எச்சரிக்கைத் தாள் வந்ததும் நான் முதலில் கிள்ளானில் தெரிந்த மூன்று பேரை அழைத்தேன். இருவர் ஒரே சாலையைச் சொன்னார்கள், முழங்கால் அளவு தண்ணீர் என்று. பெயரைச் சொல்லலாமா என்று மேலாளரைக் கேட்டேன். காவல் நிலையத்தில் உறுதி செய்துவிட்டுச் சொல் என்றார். அவர் சொன்னது சரிதான். தவறான சாலையைச் சொன்னால் அடுத்த முறை யார் நம்புவார்? உறுதி செய்ய எட்டு நிமிடம் ஆனது. அந்த எட்டு நிமிடத்துக்கு இரண்டு பாட்டு போட்டேன். இரண்டாவது பாட்டு முடியும் முன்பே நிறுத்திவிட்டுச் சாலையின் பெயரைச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் சொன்னேன்.