ஹைவ் பிளாக்செயினில் எழுத்தும் முதலும்

எழுதுபவருக்குரிய ஊதியம் பதிப்பாளரிடமிருந்தோ விளம்பரதாரரிடமிருந்தோ வராமல், புதிதாக வெளியிடப்படும் நாணயத்திலிருந்தே வருமாறு அமைக்கப்பட்ட ஓர் இணையச் சமூகம் 2016 மார்ச்சில் ஸ்டீம் என்ற பெயரில் தோன்றியது. நெட் ஸ்காட்டும் டேன் லாரிமரும் தொடங்கிய அந்தக் கிரிப்டோ நாணயத்தின் முதல் ஊதியம் அவ்வாண்டு ஜூலை 4 அன்று எழுத்தாளர்களைச் சென்றடைந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், கடுமையான அதிகாரப் போட்டி ஒன்றின் முடிவில், அச்சமூகத்தின் பெரும்பகுதியினர் பிரிந்து சென்று 2020 மார்ச் 20 அன்று ஹைவ் என்ற தனி நாணயத்தை நிறுவிக்கொண்டனர். வாங்குவதும் இரவல் கொடுப்பதும் எழுதுவதும் வரைவதும் அங்கே தனித்தனிச் செயல்களாக நிற்பதில்லை. ஒன்றின் விளைவு உடனே மற்றொன்றில் தெரிந்துவிடுகிறது. பணத்தின் எடை கூடும்போது வாசிப்பின் மதிப்பு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு இவ்வளவு வெளிப்படையான கணக்கோடு விடை தரும் களம் வேறு அதிகம் இல்லை.

பிளாக்செயின் என்பது ஒரே இடத்தில் பூட்டி வைக்கப்படாமல், பல கணினிகளில் ஒரே மாதிரியான படிகளாகப் பேணப்படும் பொதுப் பேரேடு. ஹைவ் பேரேட்டில் 3 விநாடிக்கு ஒரு முறை ஒரு பக்கம் சேர்கிறது. ஒருவர் அனுப்பிய பணம், எழுதிய கதை, அதற்குக் கிடைத்த வாக்கு ஆகிய அனைத்தும் அதே பக்கங்களில் எவரும் பார்க்கும்படி பதிவாகின்றன. பக்கங்களை எழுதும் கணினிகளை நடத்துபவர்கள் விட்னஸ், அதாவது சாட்சியர், எனப்படுகின்றனர். நாணயம் வைத்திருப்போரின் வாக்குகளால் தேர்வாகும் முதல் 20 சாட்சியரே விதிகளை மாற்றும் ஆற்றலும் பெற்றவர்கள் என்பதை இங்கேயே நினைவில் இருத்திக்கொள்வது நல்லது.

ஊதியத்துக்கான நாணயம் எங்கிருந்து வருகிறது என்பதே புதியவர்களுக்கு எழும் முதல் ஐயம். ஆண்டுதோறும் குறிப்பிட்ட விகிதத்தில் புதிய நாணயம் வெளியிடப்படுகிறது. 2016 இறுதியில் 9.5 விழுக்காடாக வகுக்கப்பட்ட அவ்விகிதம், மெல்ல மெல்லக் குறைந்து 0.95 விழுக்காட்டில் நிலைகொள்ளுமாறு அமைக்கப்பட்டுள்ளது. அப்படி வெளிவருவதில் 65 விழுக்காடு எழுதுவோருக்கும் வாக்களிப்போருக்குமான ஊதியத் தொகுப்புக்கும், 15 விழுக்காடு நாணயத்தை முடக்கி வைத்திருப்போருக்கும், 10 விழுக்காடு சாட்சியருக்கும், எஞ்சிய 10 விழுக்காடு பொதுப்பணிகளுக்கான நிதிக்கும் செல்கின்றன. ஆகவே இந்த ஊதியம் வானத்திலிருந்து விழுவது அன்று. நாணயம் வைத்திருக்கும் ஒவ்வொருவரின் பங்கும் சற்றே நீர்த்துப்போவதால் உண்டாவது, அதாவது எல்லோரும் அறிந்தே செலுத்தும் ஒரு வகை வரி.

அந்தத் தொகுப்பைப் பிரிக்கும் முறையில்தான் வாங்குவதன் தேவை நுழைகிறது. இங்கே ஆளுக்கு ஒரு வாக்கு என்பது கிடையாது. சந்தையில் வாங்கிய அல்லது எழுதி ஈட்டிய நாணயத்தை ஹைவ் பவர் என்ற முடக்கப்பட்ட வடிவுக்கு மாற்றும்போதுதான் வாக்குக்கு எடை பிறக்கிறது. அவ்வாறு முடக்கியதை மீட்க விரும்புபவர் 13 வாரத் தவணைகளில்தான் திரும்பப் பெற முடியும். தொடக்க காலத்தில் இதுவே இரண்டு ஆண்டுகளாக, 104 வாரத் தவணைகளாக இருந்தது. 2016 டிசம்பரில்தான் 13 ஆகக் குறைக்கப்பட்டது. முழு வலிமையோடு இடும் ஒரு வாக்கு, ஒருவரிடமுள்ள வாக்காற்றலில் 2 விழுக்காட்டைச் செலவழிக்கிறது. செலவழிந்தது நாளொன்றுக்கு 20 விழுக்காடு வீதம் மீள்கிறது. ஆதலால் ஒரு நாளைக்குப் பத்து முழு வாக்குகளே சிக்கனமான அளவு. ஒரு படைப்புக்கு ஏழு நாள் வரை விழுந்த வாக்குகளின் எடையைக் கூட்டி, எட்டும் தொகையில் பாதி படைத்தவருக்கும் பாதி வாக்களித்தவர்களுக்கும் பகிரப்படுகிறது. நல்ல எழுத்தைத் தேடிக் கண்டெடுப்பதும் ஓர் உழைப்பே, அதற்கும் கூலி உண்டு என்ற கருத்தே இந்தப் பகிர்வுக்கு அடிப்படை. ஆனால் பத்துப் பேர் ஆழ்ந்து படித்து வாக்களித்த சிறுகதைக்குச் சில காசுகளும், பெருமுதல் உடைய ஒருவர் போகிற போக்கில் வாக்களித்த இரண்டு வரிக் குறிப்புக்குப் பல மடங்கும் கிடைக்கக்கூடும் என்பதும் இதே கணக்கின் நேர்விளைவுதான்.

2017 இல் சேர்க்கப்பட்ட டெலிகேஷன் வசதி இந்த அமைப்பில் இரவலுக்கு வழி திறந்தது. நிலத்தின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு உழும் உரிமையை மட்டும் குத்தகைக்கு விடுவதைப் போல, ஒருவர் தம் ஹைவ் பவரின் வாக்காற்றலை மட்டும் இன்னொருவர் கணக்குக்கு மாற்றித் தரலாம். பெற்றவர் அதைக் கொண்டு வாக்களிக்கலாமே தவிர, விற்கவோ எடுத்துச் செல்லவோ இயலாது. திரும்பப் பெற முடிவு செய்தால், ஐந்து நாள் கழித்து அது உரியவரிடம் வந்துசேர்ந்துவிடும். கடன் பெற்றவர் ஏமாற்றிவிடுவாரோ என்ற அச்சம் இந்த வகை இரவலில் முதலைப் பொறுத்தவரை இல்லை என்பதே இதன் பெருஞ்சிறப்பு. புதிய உறுப்பினர்களுக்கு இதனால் உண்மையான நன்மை விளைந்தது: பரிமாற்றக் கட்டணமே இல்லாத இந்தப் பேரேட்டில், ஒருவர் ஒரு நாளில் எத்தனை முறை எழுதலாம், கருத்துரைக்கலாம் என்பதை அவரிடமுள்ள பவரே வரையறுப்பதால், கையில் ஒன்றுமில்லாத புதியவருக்குப் பழையவர் கொடுக்கும் சிறு இரவல்கூடப் பேச வாய் கொடுத்ததாகிறது. கியூரி போன்ற தேர்வுக் குழுக்களும், பெருமுதல் உடையோர் இரவலாகத் தந்த ஆற்றலைத் துணைகொண்டு, எவர் கண்ணிலும் படாமல் கிடந்த நல்ல படைப்புகளைத் தேடி வாக்களித்தன.

ஆனால் இதே வசதி ஒரு வாக்குச் சந்தையையும் வளர்த்துவிட்டது. 2017 நடுப்பகுதி வரை, வாக்குகளின் மொத்த எடை இரட்டித்தால் ஊதியம் நான்கு மடங்காகும்படி கணக்கு அமைந்திருந்தது. அது பெருமுதலாளர்களுக்கே சாதகம் என்ற குறையைக் களைய, எடைக்கு நேர்விகிதத்தில் ஊதியம் என விதி மாற்றப்பட்டது. நியாயமான அந்த மாற்றத்தால் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது: ஒவ்வொரு வாக்கின் பணமதிப்பையும் முன்கூட்டியே கணக்கிட முடிந்ததால், அதற்கு விலை வைக்கவும் முடிந்தது. தானியங்கி நிரல்கள் வாக்குகளை ஏலம் விடத் தொடங்கின. வாக்காற்றல் 2 விழுக்காடு மீள எடுக்கும் 2 மணி 24 நிமிடமே ஓர் ஏலச் சுற்று. அந்த நேரத்துக்குள் தம் பதிவின் முகவரியோடு பணம் அனுப்பியவர்களுக்கு, அனுப்பிய தொகையின் விகிதப்படி நிரலின் முழு வாக்கும் பங்கிடப்பட்டது. நிரலுக்கு ஆற்றலை இரவல் கொடுத்தவர்களுக்கு அன்றாட வசூலில் பங்கு வந்துகொண்டிருந்தது. எழுதியவர் வாக்கை வாங்கினார். முதல் உடையவர் எதையும் படிக்காமலே வருவாய் பெற்றார். இருவருக்கும் இடையில் வாசகர் என்ற ஒருவர் தேவைப்படவே இல்லை. முகப்புப் பக்கத்தை நிரப்பியவை மிகுதியாக விலை கொடுத்து மேலேற்றப்பட்டவையே. இந்தக் காலகட்டத்தைச் சந்தையின் இயல்பான வளர்ச்சி என்று வாதிட்டோர் உண்டு. எழுத்துக்கான ஊதியத் தொகுப்பு என்று எல்லோருடைய பங்கையும் குறைத்துச் சேர்த்த பணம் வட்டி வருமானமாகத் திரிந்ததை வளர்ச்சி என்று ஏற்பது கடினம்.

2019 ஆகஸ்டில் வந்த விதிமாற்றம் இதற்கு எதிரான முதல் வலுவான நடவடிக்கையாக அமைந்தது. அதுவரை வாக்களிப்போருக்குக் கால் பங்கும் எழுதியவருக்கு முக்கால் பங்குமாக இருந்த பகிர்வு அப்போதுதான் சரிபாதி ஆயிற்று. நேர்மையாகத் தேடி வாக்களிப்பதன் வருவாயும் வாக்கை விற்பதன் வருவாயும் இதனால் நெருங்கிவந்தன. கூடவே, எதிர்வாக்கு இடுவதற்கென்று தனி ஆற்றல் ஒதுக்கப்பட்டது. எதிர்வாக்கு என்பது ஒரு படைப்புக்குச் சேர்ந்த தொகையைக் குறைத்துப் பொதுத் தொகுப்புக்கே திருப்பிவிடும் வாக்கு; முன்பு அதை இடுபவர் தம் வருவாயை இழக்க நேர்ந்ததால் பெரும்பாலோர் தயங்கினர். அத்தயக்கம் நீங்கியதும் விலைக்கு வாங்கிய வாக்குகள் உறுப்பினர்களால் தொடர்ந்து முறியடிக்கப்பட்டு, ஏல நிரல்களில் பல மூடப்பட்டன, வேறு சில தேர்வுக் குழுக்களாக மாறின. எதிர்வாக்கு பகைக்கும் பழிவாங்கலுக்கும் பயன்படுகிறது என்ற முறையீடு இன்றளவும் ஓயவில்லை. அதில் உண்மையும் இருக்கிறது.

படைப்போரின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஹைவில் நிழற்படம், ஓவியம், இசை, பயணக் குறிப்பு, சமையல் எனத் துறைவாரியான சிறு சமூகங்களே உயிர்நாடி. சிறுகதைகளுக்கென்று இயங்கும் தி இங்க் வெல் என்ற குழுவில், கதை பதிவிடுபவர் பிறர் கதைகளையும் படித்துக் கருத்துரைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஊதியக் கணக்கில் இடம்பெறாத அந்த வாசிப்புதான் அங்கே எழுத்தைச் செம்மைப்படுத்துகிறது. வேறொருவர் எழுத்தையோ படத்தையோ திருடிப் பதிவிடுவோரைக் கண்டறிந்து எதிர்வாக்கு இடும் காவல் குழுக்களும் உருவாயின. பண வீக்கத்தால் சொந்த நாணயம் மதிப்பிழந்த வெனிசுவேலாவிலிருந்து ஏராளமானோர் இதில் சேர்ந்தது தற்செயல் அன்று. பிற நாட்டவர்க்குச் சில்லறையாகத் தோன்றும் தொகை, அங்கே குடும்பச் செலவில் கணிசமான பங்காக இருந்தது. குமானா நகரில் கடைகள் சில ஹைவ் டாலரையே விலையாக ஏற்கத் தொடங்கின.

ஹைவ் டாலர் என்பது ஓர் அமெரிக்க டாலர் மதிப்பை ஒட்டி நிற்குமாறு வகுக்கப்பட்ட துணை நாணயம். அதைச் சேமிப்பில் வைப்பவருக்குச் சாட்சியர் நிர்ணயிக்கும் வட்டி உண்டு; எடுக்க மூன்று நாள் காத்திருந்தால் போதும். ஒரு காலத்தில் ஆண்டுக்கு 20 விழுக்காடு வரை உயர்ந்த அவ்வட்டி வங்கி வைப்பு வட்டியோடு ஒப்பிடத் தக்கதன்று. ஏனெனில் எந்தத் தொழிலின் இலாபத்திலிருந்தும் அது வருவதில்லை, புதிதாக வெளியிடப்பட்டே வழங்கப்படுகிறது. ஹைவின் சந்தை மதிப்பு தாங்கும் வரையில்தான் அந்த வாக்குறுதிக்குப் பொருள் உண்டு என்பதை வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து நுழைவோர் கவனிக்கத் தவறுகின்றனர். 2018 இல் தோன்றிய ஸ்பிளிண்டர்லாண்ட்ஸ் என்ற சீட்டு விளையாட்டிலும் இரவல் வேறு உருவில் வேரூன்றியது: ஓவியர்கள் தீட்டிய உருவங்கள் கொண்ட சீட்டுகளை விலைக்கு வாங்கியவர்கள், விளையாட நேரமில்லாதபோது நாள் வாடகைக்கு விடுகின்றனர்.

இரவலின் மிகக் கசப்பான பாடம் 2020 இல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் டிரான் நாணயத்தின் நிறுவனர் ஜஸ்டின் சன், ஸ்டீமைத் தொடங்கிய ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். மொத்த நாணயத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்நிறுவனத்திடம் இருந்தது; சமூக வளர்ச்சிக்கென்று தொடக்கத்திலேயே ஒதுக்கிக்கொண்டதாகச் சொல்லப்பட்ட அந்தப் பங்கைத் தேர்தலில் பயன்படுத்துவதில்லை என்பது வழக்கமாக இருந்து வந்தது. புதிய உரிமையாளர் அதை மதிப்பாரா என்று அஞ்சிய சாட்சியர், அப்பங்கைத் தற்காலிகமாக முடக்கினர். மார்ச் 2 அன்று பினான்ஸ், ஹுவோபி, பொலோனிக்ஸ் ஆகிய மூன்று நாணயச் சந்தைகளும், வாடிக்கையாளர்கள் தங்களிடம் வைத்திருந்த ஸ்டீமைப் பவராக மாற்றி, சன் முன்னிறுத்திய கணக்குகளுக்கு வாக்களித்தன. முதல் 20 சாட்சியரும் ஒரே நாளில் அகற்றப்பட்டனர். நாணயத்தை வாங்கிச் சந்தைக் கணக்கிலேயே விட்டுவைத்தவர்கள், தாம் அறியாமலே தம் சொந்தச் சமூகத்துக்கு எதிராக வாக்கை இரவல் கொடுத்தவர்களாயினர். பவராக மாறிய நாணயம் 13 வாரத் தவணைகளில்தான் மீளும் என்பதால், அவர்கள் அதை எடுத்துச் செல்வதற்கும் தடை ஏற்பட்டது. வழக்கமான மென்பொருள் மேம்பாடு என்று எண்ணியே இசைந்ததாகப் பினான்ஸின் தலைவர் சாங்பெங் சாவோ விளக்கமளிக்க, பின்னர் அந்த வாக்குகள் விலக்கிக்கொள்ளப்பட்டன.

ஆயினும் நம்பிக்கை முறிந்திருந்தது. பேரேட்டின் அன்றைய கணக்கை அப்படியே படியெடுத்து, ஸ்டீமிட் நிறுவனத்தின் பங்கை மட்டும் நீக்கி, சில நாள்களிலேயே ஹைவ் தொடங்கப்பட்டது. ஸ்டீமில் எஞ்சிய தரப்பு, எதிரணியினர் சிலரின் கணக்குகளில் இருந்த 2.36 கோடி ஸ்டீமை அதே ஆண்டு மே மாதம் விதிமாற்றத்தின் வழியாகக் கைப்பற்றியது. ஒருவர் பங்கை முடக்கியதும் இன்னொருவர் பங்கைப் பறித்ததும் ஒரே எடையுடைய செயல்கள் அல்ல என்றாலும், பேரேட்டில் எழுதியதை மனிதக் கை அழிக்காது என்ற கிரிப்டோ உலகின் அடிப்படை நம்பிக்கையை இரு தரப்பும் உடைத்தன. ஹைவ் தரப்பு அதற்குப் பின் இரண்டு விதிகளைச் சேர்த்துக்கொண்டது: புதிதாகப் பவராக மாற்றிய நாணயத்தைக் கொண்டு சாட்சியர் தேர்தலில் வாக்களிக்க 30 நாள் காத்திருக்க வேண்டும், வாக்களித்தவர் ஓராண்டு வரை அதைப் புதுப்பிக்காமல் இருந்துவிட்டால் அவ்வாக்கு தானே காலாவதியாகிவிடும். ஆனால் படைப்புகளுக்கு இடும் வாக்குக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. இன்று வாங்கிப் பவராக மாற்றிய நாணயம் இன்றே ஒரு கதைக்கு எடை சேர்க்கலாம்.