புயற் கடவுளும் தினைச் சோறும்

ஜப்பான் தேசத்தின் பழைய ராஜதானியாகிய கியோட்டோ நகரில், ஷிஜோ வீதியின் கீழ்க்கோடியில் செந்நிற வாயிலுடன் விளங்குவது யஸாகா ஆலயம். அங்கே எழுந்தருளியிருப்பவர் ஸுஸனோவோ என்னும் புயற் கடவுள். தமக்கையாகிய சூரிய தேவியின் வயல் வரப்புகளை உடைத்து வானுலகினின்றும் துரத்தப்பட்டவர். பின்னர் எட்டுத் தலை நாகத்தை வதைத்து ஒரு கன்னிகையைக் காத்து மணந்தவர். 712-ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பெற்ற 'கொஜிகி' இவ்வரலாற்றைக் கூறுகிறது.

இவ்வாலயத்தின் பழம்பெயர் கியோன். சிராவஸ்தியில் புத்தர் பிரான் தங்கியிருந்த ஜேதவனத்தின் பெயரே சீன தேசம் வழியாகச் சென்று அவ்வாறு திரிந்தது. ஜேதவனத்துக் காவல் தெய்வமெனக் கருதப்பட்ட எருதுத் தலைத் தேவரும் ஸுஸனோவோவும் ஒருவரே என்று ஜனங்கள் நெடுங்காலம் நம்பி வணங்கினர்.

அவர்கள் சொல்லும் கதை ஒன்றுண்டு. வழிப்போக்கராய் வந்த இக்கடவுள் ஓர் இரவு தங்க இடம் கேட்டார். செல்வனாகிய தம்பி கதவைச் சாத்தினான். வறியவனாகிய தமையன் ஸோமின் வைக்கோலைப் பரப்பித் தினைச் சோறு படைத்தான். கொள்ளைநோய் வந்தபோது, கடவுள் சொற்படி புல் வளையம் அணிந்த ஸோமின் குடும்பத்தார் பிழைத்தனர். இன்றும் கியோட்டோவின் வீட்டு வாயில்களில், 'ஸோமினின் சந்ததியார்' என்றெழுதிய ரக்ஷை தொங்குவதைக் காணலாம்.

869-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது, நாட்டின் பிரிவுகளுக்கு ஒன்றாக 66 ஈட்டிகளை நாட்டி வழிபட்டதிலிருந்து கியோன் உற்சவம் தோன்றியதென்பது மரபு. 1467-இல் மூண்ட உள்நாட்டுப் போரில் நகரம் எரிந்தது, தேரோட்டம் நின்றது, 1500-இல் மீண்டும் எழுந்தது. 1533-இல் ஆலயச் சடங்குகளை நிறுத்துமாறு அதிகாரிகள் ஆணையிட்டபோது, சடங்கு நடவாவிடினும் தேர்களையேனும் இழுக்க வேண்டுமென நகரத்தார் முறையிட்டனர்.

1868-இல் அரசாங்கம் பௌத்தத்தையும் ஷிந்தோவையும் பிரித்தது. எருதுத் தலைத் தேவரின் நாமம் விலக்கப்பட்டது. கியோன் ஆலயம் யஸாகா ஆயிற்று. ஆனால் உற்சவத்தின் பெயரும் ரக்ஷையும் மாறவில்லை. ஆணையால் பெயர்ப்பலகையை மாற்றலாம். குடும்பங்களின் நினைவை மாற்றுதல் எளிதன்று.

2020, 2021-ஆம் ஆண்டுகளில் புதிய நோயொன்று அந்தத் தேரோட்டத்தையே நிறுத்தியது. எனினும் 2020-இல் தேர்களின் பிரதிநிதிகள் புனிதத் தழைகளை ஏந்தி வீதியில் நடந்து சென்றனர். 2022-இல் தேர்கள் மீண்டும் அசைந்தன. ஜூலை 17, 24 ஆகிய இரு நாட்களிலும் சேர்ந்து 34 ஊர்திகள் வலம் வருகின்றன.

வகுப்பில் ஜேதவனத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், அப்பெயர் கடல் கடந்து சென்ற தூரத்தை நாம் எண்ணி வியக்கிறோம். புயலையே தெய்வமாக்கிய அம்மக்கள், அதன் சீற்றத்தினின்றும் தப்பும் வழியாகக் கண்டது படைவலியன்று. ஏழையின் ஒரு கவளத் தினைச் சோறு. இதனை நம் சிறுவர்களும் அறிவது நன்று.