வாடிய செடியும் சோதனைச் சாலையும்

பருத்தி வயலில் நாலைந்து செடிகள் வாடக் கண்டவுடன் மருந்துக் கடையை நாடுவது நம் அங்கத்தினர்களில் பலருக்கு வழக்கமாயிருக்கிறது. இன்ன நோய் என்று அறியுமுன்பே மருந்து வாங்கப்படுகிறது. அதன் விலை கடன் கணக்கில் ஏறுகிறது. செடி பிழைக்காவிடில், விளைச்சலும் போய்க் கடனும் நிற்கிறது. பருத்தியின்றி நூலில்லை, ஆதலின் இது நெசவாளர் அங்கத்தினர்களுக்கும் அயலான விஷயமன்று.

ஒரே வாடல், மூன்று காரணங்கள்

வாடல் என்பது பல கேடுகளுக்கும் பொதுவான ஓர் அடையாளம். வேரழுகல் நோயில் வேர்ப்பட்டை நார் நாராகப் பிரியும். செடியை இழுத்தால் எளிதில் பெயர்ந்து வரும். வயலில் திட்டுத் திட்டாகப் பரவும். ஃப்யூஸேரியம் என்னும் பூஞ்சணத்தால் உண்டாகும் வாடல் நோயில், தண்டைப் பிளந்து பார்த்தால் நீர் செல்லும் குழாய்கள் பழுப்பேறியிருக்கும். மூன்றாவது வகை விசித்திரமானது. நெடுநாள் வறட்சிக்குப் பின் பெருமழை பெய்து நீர் தேங்கினால், காய் பிடித்துச் செழித்து நின்ற செடிகள் திடீரெனச் சோர்ந்து தொங்கும். இதற்குக் கிருமி எதுவும் காரணமன்று.

பரிகாரமும் மூன்று விதம். வேரழுகலைத் தடுக்க, கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பர். ஃப்யூஸேரியம் மண்ணில் பல்லாண்டு தங்குவதால், எதிர்ப்புச் சக்தியுள்ள இரகமே தக்க வழி. மூன்றாவதற்கு வேண்டுவது வடிகால். எந்த முடிவுக்கும் காத்திராமல் தேங்கிய நீரை உடனே வடித்துவிட வேண்டும். அங்கே பூஞ்சணக் கொல்லியை ஊற்றுவது பணத்தை மண்ணில் ஊற்றுவதேயாகும்.

சோதனைச் சாலையில் நடப்பது

தொடக்கத்தில் இவ்வேறுபாடுகள் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படுவதில்லை. நூற்புழு துளைத்த வேரில் பூஞ்சணமும் புகுந்து, இரண்டும் சேர்ந்து கெடுப்பதுமுண்டு. சோதனைச் சாலையில் நோயுற்ற திசுவைத் துண்டு செய்து, மேற்புறத்தைச் சுத்திகரித்து, உருளைக்கிழங்குச் சாறு சேர்ந்த கூழில் வளர்த்து, வளரும் பூஞ்சணத்தை உருப்பெருக்கியில் காண்பர். மண்ணை நீரில் கரைத்துச் சலித்து நூற்புழுவைத் தேடுவர். பூஞ்சணம் வளரச் சில நாட்களாகும்; அதுவரை பொறுத்திருத்தல் அவசியம்.

மாதிரி எடுக்கும் முறை

முற்றிலும் காய்ந்த செடியை அனுப்புவதால் பயனில்லை. மடிந்த திசுவில் குடியேறும் வேறு பூஞ்சணங்கள் உண்மைக் காரணத்தை மறைத்துவிடும். வாடத் தொடங்கிய செடிகளையே தேர்ந்தெடுத்து, பிடுங்காமல், மண்வெட்டியால் வேரோடும் மண்ணோடும் தோண்டி எடுக்கவேண்டும். வேர்ப் பகுதியைப் பாலிதீன் பையிலிட்டுத் தண்டின் அடியில் கட்டி, மேற்பகுதியைக் காகிதத்தில் சுற்றுக. தண்ணீர் தெளிக்கலாகாது, வெயிலில் வைக்கலாகாது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல செடி ஒன்றையும் உடன் சேர்க்கவேண்டும். வார இறுதியில் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை வழியில் கிடந்து அழுகும். திங்கள், செவ்வாயில் அனுப்புவதே நன்று.

உடன் ஒரு கடிதமும் வேண்டும். இரகம், விதைத்த நாள், முன் பயிர், இட்ட உரம், தெளித்த மருந்து, மழையும் பாசனமும், வாடல் திட்டாக உள்ளதா, சிதறலாக உள்ளதா என்பவற்றைக் குறிக்கவேண்டும். தெளித்த மருந்தை மறைப்பது, வைத்தியரிடம் உண்ட மருந்தை மறைப்பதற்கு ஒப்பாகும்.

சங்கத்தின் கடமை

கோயம்புத்தூரில் 1906-ல் விவசாயக் கல்லூரி அமைந்தது; 1971-ல் அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்குள்ள பயிர் நோயியல் துறையினரையோ, தம் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ அங்கத்தினர்கள் அணுகலாம். தனித்தனியே செல்வது ஏழை விவசாயிக்குச் சிரமம். சங்கம் பலருடைய மாதிரிகளைத் திரட்டி, பெயர்ச்சீட்டு கட்டி, ஒருவர் மூலம் சேர்ப்பித்தால் செலவு பகிர்ந்துபோம். வந்த முடிவுகளைச் சர்வே எண்ணுடன் ஒரு புத்தகத்தில் பதிந்து வைத்தால், அடுத்த பருவத்தில் எந்நிலத்தில் எந்த இரகம் விதைப்பது என்பதற்கு அதுவே வழிகாட்டியாகும். வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதற்குத் தீர்மானம் நிறைவேற்றி, விதைப்புக்கு முன்னரே பொறுப்பாளர் ஒருவரை நியமிக்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.