கோடை விடுமுறையில் ஒரு விண்ணியல் ஆய்வு

நமது கல்லூரிகளில் அறிவியல் பயிலும் மாணவர் மூன்றாண்டுக் காலத்தில் பல செய்முறைச் சோதனைகளைச் செய்து முடிக்கிறார். அவற்றின் விடைகள் யாவும் முன்னரே அறியப்பட்டவை. ஊசலின் அலைவு நேரத்தை அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் மாணவருக்கு, எந்த எண் வரவேண்டும் என்பது தொடங்கும் முன்பே தெரியும். விடை தெரியாத வினாவை எதிர்கொள்ளும் பயிற்சி பாடத்திட்டத்தில் அரிதாகவே கிடைக்கிறது. இக்குறையை ஓரளவு நிறைவு செய்பவை கோடைக்கால ஆய்வுத் திட்டங்கள். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாகவும், பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் போன்றவை தனித்தும் இவற்றை நடத்தி வந்துள்ளன.

பஞ்சத்தில் பிறந்த ஆய்வு

இத்தகைய ஆய்வின் தன்மையை விளக்கக் கோடைக்கானல் சூரிய ஆய்வு நிலையம் தக்க எடுத்துக்காட்டாகும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய இயலுமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதற்கும் மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என அந்நாளைய அறிஞர் பலர் கருதினர். பஞ்ச விசாரணைக் குழுவும் சூரியனைத் தொடர்ந்து கவனித்து வரவேண்டும் எனப் பரிந்துரைத்தது. இதன் தொடர்ச்சியாகவே 1899ஆம் ஆண்டில் கோடைக்கானல் நிலையம் அமைந்தது.

மழையை முன்னறியும் நோக்கம் எதிர்பார்த்தவாறு கைகூடவில்லை. ஆயினும் சூரியனைப் படம்பிடிக்கும் பணி தளராது நடந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909இல் இங்குதான் கண்டறிந்தார். நூறாண்டுகளுக்கும் மேலான படத் தொகுப்பு இன்று கணிப்பொறியில் ஏற்றப்பட்டு ஆய்வாளருக்குக் கிடைக்கிறது.

மாணவர் செய்யும் பணி

இரண்டு மாதங்களில் ஒரு மாணவர் இதைக் கொண்டு என்ன செய்ய இயலும்? சூரியன் தன்னைத்தானே சுற்றும் வேகத்தை அளப்பது பொருத்தமான ஒரு பணியாகும். முதலில் ஒவ்வொரு படத்திலும் வட்டத்தின் மையத்தையும் ஆரத்தையும் துல்லியமாகக் காண வேண்டும். பின்னர் வடக்குத் திசையை நிர்ணயிக்க வேண்டும். அதன்பின் ஒரே புள்ளி அடுத்தடுத்த நாள்களில் எவ்வளவு நகர்ந்துள்ளது என்பதை அளக்க வேண்டும். விளிம்பருகே தோற்றம் சுருங்கிவிடுவதால், நடுப்பகுதியிலுள்ள புள்ளிகளையே தேர்ந்தெடுப்பது நலம்.

நடுக்கோட்டுக்கு அருகே அளப்பவருக்குச் சுழற்சிக் காலம் ஏறத்தாழ 27 நாள் எனக் கிடைக்கும். நூலில் இருப்பதோ சுமார் 25 நாள். அளவீட்டில் பிழை ஏதுமில்லை. பூமியும் அதே திசையில் சூரியனைச் சுற்றி வருவதால், நமது பார்வையில் ஒரு சுற்று முடியக் கூடுதல் காலம் பிடிக்கிறது. இந்த வேறுபாட்டின் காரணத்தை மாணவர் தாமே தேடிக் கண்டறியும் நாளில்தான் ஆய்வு என்பது அவருக்குப் புரியத் தொடங்குகிறது எனலாம். நடுக்கோட்டிலிருந்து விலகிய புள்ளிகள் மெதுவாகச் சுற்றுவதையும் அவர் காண்பார். சூரியன் திடப்பொருளன்று என்பதற்கு இதுவே சான்று. இந்த வேகம் ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறுகிறதா என்று கேட்கும்போது, முடிந்த விடை இல்லாத எல்லைக்கு அவர் வந்துவிடுகிறார்.

பயன் என்ன?

ஏழை நாட்டுக்கு இது தேவைதானா என்ற வினா நியாயமானதே. 1989 மார்ச் மாதம் சூரியனில் எழுந்த கொந்தளிப்பால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மின்வழங்கல் அமைப்பு நிலைகுலைந்து, பல லட்சம் மக்கள் மணிக்கணக்கில் இருளில் தவித்தனர். செயற்கைக்கோள்களையும் விரிந்த மின்தொடர்களையும் நம்பியிருக்கும் நமது நாட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஆதித்யா-எல்1 விண்கலம் ஏவப்பட்டதன் நோக்கங்களுள் ஒன்று இத்தகைய கொந்தளிப்புகளை ஆராய்வதாகும். கலம் அனுப்பும் செய்திகளைப் பொருள்கொள்ளப் பயிற்சி பெற்றோர் வேண்டும். அத்தகையோரை ஓராண்டில் உருவாக்கிவிட இயலாது.

செலவையும் கருத வேண்டும். தொலைநோக்கிக்கும் படத் தொகுப்புக்கும் ஆன செலவு முன்னரே செய்யப்பட்டுவிட்டது. ஒரு மாணவரைக் கூடுதலாகச் சேர்ப்பதற்கான இறுதிநிலைச் செலவு அவரது உதவித்தொகை, பயணம், தங்குமிடம், வழிகாட்டியின் நேரம் ஆகியவையே. பொது முதலீட்டின் பயனை இத்துணைக் குறைந்த செலவில் பெருக்கும் வழிகள் அதிகமில்லை. பயின்றோர் அனைவரும் விண்ணியலாளர் ஆகப்போவதில்லை. எனினும் தரவுகளைப் பகுத்து ஆராய்தல், பிழையின் அளவை மதிப்பிடுதல், முடிவை நேர்மையாக எழுதுதல் ஆகிய திறன்கள் எத்துறைக்கும் வேண்டியவை.

எட்டாத கல்லூரிகள்

இவ்வாய்ப்பு யாருக்குக் கிட்டுகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி. சிறுநகரக் கல்லூரிக்கு அறிவிப்பு எட்டுவதற்குள் விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்துவிடுவதும் உண்டு. விடுமுறையில் வயலிலோ கடையிலோ வேலை செய்து அடுத்த ஆண்டுக் கட்டணத்தைத் திரட்டும் மாணவருக்கு, இரண்டு மாதம் என்பது இழந்த வருமானமும் ஆகும். பயணச் செலவைப் பின்னர் ஈடுசெய்யும் முறை அலுவலகத்துக்கு எளிது. கையில் பணமில்லாத மாணவருக்கோ அதுவே தடை.

எனவே அறிவிப்புகள் மாநில மொழிகளில் எல்லாக் கல்லூரிகளுக்கும் உரிய காலத்தில் சென்றடைய வேண்டும். உதவித்தொகையின் முதல் தவணையும் பயணப்படியும் முன்பணமாக வழங்கப்பட வேண்டும். கல்லூரி ஆசிரியரும் பயிற்சி பெற்றால், கணிப்பொறியில் ஏற்றிய படங்களைக் கொண்டு தம் ஊரிலேயே இத்தகைய ஆய்வை நடத்தலாம். பஞ்சத்தில் வாடிய எளிய மக்களை முன்னிட்டுத் தொடங்கிய பணி அது. அதன் பலனில் அவர்தம் வழிவந்தோருக்கும் பங்கு கிடைக்கச் செய்வது நமது கடமையாகும்.